அன்புச்செல்வியின் வண்டி நின்ற நாள்

"என் வண்டி ரோட்ல நின்னுச்சின்னு சரித்திரமே கெடையாது" என்று அன்புச்செல்வி சொல்லாத நாள் இல்லை. கார் கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் சொல்வாள், டீக்கடையில் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பாவத்துக்கு முன்பின் தெரியாத ஒருத்தியிடமும் சொல்வாள். சொன்ன கையோடு, தன் கண்ணே பட்டுவிடப் போகிறதே என்று நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்துக்கொள்வாள். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு நாள் வண்டி நின்றது. அதுவும் எப்பேர்ப்பட்ட நாளில்!

மந்தைவெளி மார்க்கெட்டை ஒட்டின சந்தில் 'நிலா டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்கு மட்டும்' என்று ஒரு போர்டு இருக்கும். ஸ்கூல் என்றதும் கட்டடத்தைத் தேடாதீர்கள். ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் தலையில் அந்த போர்டு, அதற்குள் அன்புச்செல்வி, அவ்வளவுதான் ஸ்கூல். நிலா என்பது அவள் பெண்ணின் பெயர். அன்புச்செல்வி பிறந்தது அடையாறு ஆற்றோரத்துக் குடிசையில். குடிசைகளை எடுத்தபோது மொத்தக் குடும்பத்தையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெண்களுக்கு இலவசமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "ஓசில குடுக்கறாங்கோ, உடுவானேன்?" என்று போய்ச் சேர்ந்தவள், ஒரு வருஷம் கால்டாக்ஸி ஓட்டிவிட்டு, கடன் வாங்கி இந்தக் காரை வாங்கிவிட்டாள். கார் மந்தைவெளி சந்திலேயே தூங்கும். அவள் விடியற்காலை பஸ்ஸில் வந்து அதை எழுப்புவாள்.

எழுப்புவாள் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. "இன்னாடா கண்ணு, தூங்கினியா?" என்று பானெட்டைத் தட்டிவிட்டுத்தான் கதவையே திறப்பாள். மாணவிகள் கியரைக் கடகடவென்று உரசினால் தன் பல்லையே பிடுங்கின மாதிரி கத்துவாள். "அது இரும்பா இருந்தா மட்டும் வலிக்காதா? நெஞ்சில ஈரம் வேணாம்?" அவளிடம் திட்டு வாங்காமல் மயிலாப்பூரில் ஒருத்தியும் லைசென்ஸ் வாங்கியதில்லை. யாரையும் 'நீங்க' என்று சொல்லி அவளுக்குப் பழக்கமும் இல்லை, ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டரைத் தவிர.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டிக்குப் புது பேட்டரி போட்டிருந்தாள். கேட்க வேண்டுமா? பூஜையை அமர்க்களப்படுத்திவிட்டாள். வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, வெளியில் தெரிகிற இடம், தெரியாத இடம் என்று பாராமல் குழைத்த சந்தனத்தை வழித்து வழித்துப் பூசி, ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினாள். மறுநாள் விஜயதசமி, லீவு. வண்டியை யாரும் தொடவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் கோமளம் மாமிக்கு டெஸ்ட்.

கோமளம் மாமி மயிலாப்பூரில் வீணை சொல்லிக்கொடுப்பவள். அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. ஆத்துக்காரர் ஸ்ரீரங்கனுக்குக் கண்ணில் கோளாறு வந்து, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை தவறாமல் மாமியைக் கூட்டிக்கொண்டு நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கார் ஓட்டிப் போன மனுஷர், ஒரேயடியாக வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்கு மட்டுமா போகவில்லை? பேச்சும் குறைந்து, சாப்பாடும் குறைந்து போயிற்று. "ஆட்டோல போலாம் வாங்கோ" என்றால், "நீ போயிட்டு வா" என்பார். அவர்கள் கார் வாசலில் நின்று நின்று நான்கு டயரும் காற்று இறங்கித் தரையோடு ஒட்டிவிட்டன. அமெரிக்காவிலிருந்து பிள்ளை ஸ்ரீகிருஷ்ணா, "சும்மா நிக்கறதை வித்துடலாம்ப்பா" என்று ஆள் பார்த்தும் வைத்துவிட்டான். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

"நான் லைசென்ஸ் வாங்கிட்டா விக்கப்படாது" என்று மாமி ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் இரண்டு தடவை டெஸ்டுக்குப் போய் இரண்டு தடவையும், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்ன இடத்தில் எஞ்சின் அணைந்து தொலைந்தது. கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தருகிற எல்.எல்.ஆர். லைசென்ஸ் இன்றோடு முடிகிறது. இன்று டெஸ்ட் போனால் ஞாயிற்றுக்கிழமை காரும் போகும், அந்த மனுஷர் மிச்சத்துக்கும் உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் மாமி காபிகூடக் குடிக்காமல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அன்புச்செல்வியின் பஸ் வருவதற்கு முன்னாலேயே சந்தில் வந்து நின்றாள்.

"இன்னா மாமி, எனக்கு முன்னாடி வந்துக்கினே? ஷோக்கா கீறே இன்னிக்கி! ஏறு ஏறு, ஸ்டார்ட் பண்ணு" என்றாள் அன்புச்செல்வி.

மாமி பிள்ளையாரை வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

டிக்.

மறுபடியும் திருப்பினாள். டிக். எஞ்சின் அசையவில்லை.

"நகரு மாமி, உனக்கு சாவி புடிக்கத் தெரில" என்று அன்புச்செல்வி உட்கார்ந்து திருப்பினாள். அவளுக்கும் அதே டிக். வண்டி பெரியவர் சின்னவர் பார்க்கவில்லை.

சென்னையில் ஒரு வண்டி எடுக்கவில்லை என்றால் டாக்டர்களுக்கு என்ன பஞ்சம்! இஸ்திரி போடுகிறவர், "பெட்ரோல் இருக்கா பாரும்மா" என்றார். பூக்காரம்மா, "கண்ணு பட்டுக்கீது, கற்பூரம் சுத்து" என்றாள். டீக்கடை ஃபராஸ் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "பேட்டரி காலி அக்கா" என்று தீர்ப்பே எழுதிவிட்டான்.

அன்புச்செல்விக்குச் சுருக்கென்றது. "புது பேட்டரி நைனா! தோ, கேளு" என்று ஹாரனை அடித்தாள். சந்தே அதிர்ந்தது. ஹெட்லைட்டைப் போட்டாள். பளிச்சென்று எரிந்தது. "பாத்தியா? பேட்டரி சிங்கம் மாதிரி கீது. செல்ஃப் மோட்டார்தான் பூட்ச்சி." ஒரு கம்பியை எடுத்து வண்டிக்கடியில் விட்டு அந்த மோட்டாரை நாலு தட்டும் தட்டிப் பார்த்தாள். அது அசைந்து கொடுத்தால்தானே!

"இப்ப என்ன செல்வி பண்றது?" மாமி வாட்சைப் பார்த்தாள். மற்ற ஸ்கூல் வண்டிகளெல்லாம் ஏற்கெனவே மைதானத்துக்குப் போயாயிற்று.

"இன்னா பண்றது? தள்றது! எஞ்சின் ஒரு தபா புடிச்சிகிச்சின்னா போதும், அணைக்காம போய் டெஸ்ட்டக் குடுத்துட்டு வந்துரலாம். நீ உள்ள உக்காரு. ரெண்டாவது கியர் போட்டு கிளட்ச்ச மிதிச்சிக்க. நான் 'உடு'ன்னா உடு."

"நானா?"

"பின்ன, நீ தள்றியா?"

ஃபராஸும் இஸ்திரிக்காரரும் அன்புச்செல்வியும் பின்னால் கை வைத்தார்கள். வண்டி மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, "உடு மாமி!" என்று அவள் கத்தியதும் ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. சந்தில் கைதட்டல். மாமியோ, நின்றால் எங்கே அணைந்துவிடுமோ என்று நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறாள். அன்புச்செல்வி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். முன்பக்கத்துக் கதவை இழுத்தால் உள்ளே பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் பின்கதவைத் திறந்து மூட்டை விழுகிற மாதிரி பின் சீட்டில் விழுந்தாள்.

"முன்னாடி வாயேன்!" என்று மாமி அலறினாள்.

"நிறுத்தினாத்தான் வர முடியும். நிறுத்தினா அணைஞ்சிரும். ஓட்டு மாமி, ஓட்டு!"

சட்டப்படி தப்புதான். யாரும் போலீஸ்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கிரீன்வேஸ் சாலை சிக்னலில் சிவப்பு விழுந்தது. மாமி கிளட்சை மிதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பச்சை விழுந்ததும் மெதுவாக விட்டாள். வண்டி அணையவில்லை. அடையாறு பாலம் ஏறுகிற இடத்தில் முன்னால் போன பஸ் சடக்கென்று நின்றது. மாமியும் நின்றாள், பஸ் நகர்ந்ததும் நகர்ந்தாள். அணையவில்லை. பின் சீட்டில் அன்புச்செல்வி முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தான் பிறந்த ஆற்றைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், மாமியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை.

ஆர்.டி.ஓ. மைதானம் வந்தது. மாமி வரிசையின் கடைசியில் வண்டியை அழகாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். நியூட்ரல் போட்டாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். பெருமையாக ஒரு பெருமூச்சு விட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"ஐயோ மாமி!"

"என்னடி?"

"ஏன் அணைச்சே?"

மாமி கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நீதானே செல்வி உருப்போட வச்சே? நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சாவி. நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சாவின்னு ஆத்துல தூக்கத்துல கூடச் சொல்லிண்டிருக்கேன்!"

இதற்கு யாரைத் திட்டுவது? அன்புச்செல்வி தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

மறுபடியும் தள்ளலாம் என்றால், முன்னால் வரிசை, பின்னால் அதற்குள் வந்து நின்றுவிட்ட வண்டிகள். போதாததற்கு, அன்புச்செல்வி தள்ள இடம் தேடுவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்ட இன்ஸ்பெக்டர், "தள்ளி எடுக்கற வண்டியெல்லாம் டெஸ்ட்டுக்கு ஆகாதும்மா. உங்க முறை வர்றதுக்குள்ள சரிபண்ணுங்க, இல்லன்னா வேற வண்டி பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

"வேற வண்டில கிளட்ச் எங்க பிடிக்கும்னு எனக்கு என்ன தெரியும்?" என்றாள் மாமி. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "இந்த ஒரு வண்டியே இப்பத்தான் வசத்துக்கு வந்துது. விடு செல்வி. எனக்குக் குடுத்து வைக்கலை. அவருக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியலை."

அன்புச்செல்வி மாமியின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். "அழுவாத மாமி. அழுதா வண்டி எடுக்குமா? முன்னாடி போய் நில்லு. ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்பறேன். லைட்டு இன்னா ஆவுதுன்னு சொல்லு" என்று பானெட்டைத் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். காலையில் எல்லாரும் வேடிக்கை பார்க்க, ரோஷத்தில் ஹாரனை அடித்துக் காட்டினாளே தவிர, இதைச் செய்து பார்க்கத் தோன்றவில்லை.

டிக்.

"அணைஞ்சே போயிடறதுடி! விட்டா திரும்ப எரியறது."

இன்னொரு தடவை. டிக். "இப்பவும் அப்படித்தான். பொசுக்குன்னு போயிடறது."

அன்புச்செல்வி அப்படியே உட்கார்ந்து யோசித்தாள். செல்ஃப் மோட்டார் செத்திருந்தால் லைட் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். லைட் அணைகிறது என்றால் மோட்டார் கரண்ட் கேட்கிறது, கேட்ட அளவுக்கு வரவில்லை. ஹாரனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும், செல்ஃபுக்கு ஒரு குடம் வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் சொட்டுகிறது என்றால், அடைப்பு நடுவில் எங்கேயோ இருக்கிறது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில்.

"செல்வி" என்று மாமி முன்னாலிருந்து கூப்பிட்டாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாள். "உன் வண்டிலேர்ந்து சந்தன வாசனை வரது."

"பூஜ போட்டேனே மாமி, மேல பூசினது வரும்."

"மேல பூசினது இல்லை. சுட்ட வாசனை. நித்தியம் கல்லுல சந்தனம் அரைக்கறவ நான், என் மூக்குக்குத் தெரியாதா? சந்தனம் எங்கயோ தீயறது."

அன்புச்செல்வி இறங்கி வந்தாள். பேட்டரியின் மைனஸ் பக்கத்தில் ஒயரைக் கவ்வியிருக்கும் பிடியை விரலால் தொட்டாள். சுரீர் என்று சுட்டது. கையை உதறிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"மாமி, சிரிக்கக் கூடாது."

"சொல்லேன்!"

"புது பேட்டரியாச்சே, அதுக்கும் நல்லது கெட்டது பண்ணணுமேன்னு... ரெண்டு பக்கத்துப் பிடியையும் கழட்டி, அந்த ஈயக் கொம்பு ரெண்டுக்கும் நல்லா கெட்டியா சந்தனம் பூசி, பொட்டு வெச்சி, அப்பால அதும் மேலயே பிடியப் போட்டு முடுக்கிட்டேன்."

ஈரமாக இருந்தவரைக்கும் கரண்ட் எப்படியோ போயிருக்கிறது, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டு ராத்திரி காய்ந்ததும், சந்தனம் கொம்புக்கும் பிடிக்கும் நடுவில் சுவர் எழுப்பிவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப அந்த இடம் சூடேறி, வெளியே வாசனையாவது வந்தது. அம்பாளுக்குப் பூசினால் அருள் வரும். பேட்டரிக்குப் பூசினால் டிக் என்றுதான் வரும்!

மாமி சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் கட்டியிருந்த தண்ணீர் சிரிப்பில் வழிய, "நல்ல வேளை, புடவை சாத்தாம விட்டியே!" என்றாள்.

"சிரிச்சது போதும், வேலயப் பாரு" என்று அன்புச்செல்வி ஸ்பேனரை எடுத்தாள். பிடிகளைக் கழற்றியதும் உள்ளே கருகின சந்தனம் பொருக்குப் பொருக்காக இருந்தது. குங்குமம் பிசின் மாதிரி அப்பியிருந்தது. மைதானத்து டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி அதில் ஊறவைத்துக் கழுவினார்கள். துடைத்தும் போகாததைச் சுரண்ட உப்புத்தாள் இல்லை. மாமி கைப்பையைத் துழாவி, வீணை வாசிக்கிற விரலுக்கு நகம் ராவுகிற சின்ன அரத்தை எடுத்து நீட்டினாள். அன்புச்செல்வி கொம்பும் பிடியும் பளபளவென்று ஆகும்வரை ராவி, நன்றாகத் துடைத்து, பிடியை இறுக்கி முடுக்கினாள்.

"உக்காரு மாமி. திருப்பு."

ஒரே திருப்பு. எஞ்சின் கர்ஜித்தது. அன்புச்செல்வி பானெட்டைக் கட்டிக்கொண்டு, "என் கண்ணே, மன்னிச்சிக்கடா!" என்று எல்லார் எதிரிலும் முத்தமே கொடுத்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷம் மாமியிடம் நிலைக்கவில்லை. இன்னும் இரண்டே வண்டிகள்தான் முன்னால். மாமி ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "வண்டி சரியாயிடுத்து, நான் சரியாகலையே செல்வி. நீ பக்கத்துல இருந்தா எனக்கு அணையறதே இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து உக்காந்தாத்தான் அணைஞ்சுடறது. மேட்டைப் பாத்தாலே பயமா இருக்கு."

அப்போதுதான், பாலத்தின் மேல் தன்னை உறுத்தியது எது என்று அன்புச்செல்விக்குப் புரிந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கம் உட்காருகிறவருக்கும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. எஞ்சின் அணைவதை அவளால் சகிக்கவே முடியாது, குழந்தைக்குப் புரையேறின மாதிரி பதறிவிடுவாள். மாமி தடுமாறும் முன்பே அவள் கால் தானாகக் கிளட்சை மிதித்துவிடும். இன்ஸ்பெக்டரின் கால் மிதிக்காது.

அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். "மாமி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. இத்தினி மாசமா உனக்குப் பாதி கிளட்ச் மிதிச்சது என் காலு. உன் மேல தப்பே இல்ல. நான்தான் உன்ன விடல."

மாமி திகைத்துப் பார்த்தாள். "அப்போ எனக்கு ஓட்டவே தெரியாதா?"

"போ மாமி! இன்னிக்கி மந்தைவெளிலேர்ந்து இங்க வரிக்கும் நான் எங்க உக்காந்துகினு வந்தேன்? பின்னாடி! அங்க எனக்கு கிளட்ச் கீதா? சிக்னல்ல நின்னே, பாலத்து மேட்ல பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னே. அணைஞ்சுதா?"

மாமி யோசித்தாள். மெதுவாக, "இல்லை" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "அணையலையே!" என்றாள்.

பெயர் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்புச்செல்வி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். வண்டி வளைந்து வளைந்து போயிற்று, பின்னால் வந்தது, மேட்டில் பாதி ஏறி நின்றது. அன்புச்செல்வியின் இடது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. "அடச்சீ, சும்மா இரு" என்று காலுக்கு ஒரு தட்டு வைத்து, அதை மடக்கித் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றாள்.

வண்டி ஒரு நூல்கூடப் பின்னால் வழுக்கவில்லை, அணையவில்லை. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது.

"போன தடவை வந்ததும் நீங்கதானாம்மா?" என்று கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டார். மாமி இறங்கி ஓடிவந்து அன்புச்செல்வியைக் கட்டிக்கொண்டாள். புடவையெல்லாம் கிரீஸ் ஆயிற்று. இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள். ஓட்டிக்கொண்டு திரும்பியது மாமிதான். அன்புச்செல்வி தானாகவே பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

மயிலாப்பூரில் ஸ்ரீரங்கன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. வண்டி நின்றதும், ஓட்டுகிறவள் யார் என்று பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து முன்பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். செல்போனை எடுத்து, "கிருஷ்ணா, ஞாயித்துக்கிழமை யாரையும் அனுப்பாதே. வண்டி விக்கறதுக்கில்லை" என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு மாமியைப் பார்த்து, "சனிக்கிழமை வரைக்கும் காத்துண்டிருக்கணுமா என்ன? நங்கநல்லூருக்கே விடேன், கோமளம்" என்றார். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து வந்த பேச்சிலேயே பெரியது அதுதான்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஸ்ரீரங்கனின் கால் தன்பாட்டுக்குக் கீழே போய் பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. ஆனால் அணையவில்லை, மாமி கிளட்சைப் பிடித்துவிட்டாள்.

"ஏன்னா! அங்கேயும் பிரேக் இருக்கு. நீங்க மிதிச்சா நான் எப்படி ஓட்டறது?"

"அப்பிடிச் சொல்லு மாமி!" என்றாள் பின்னாலிருந்து அன்புச்செல்வி. "சார், காலத் தூக்கி மேல வெச்சிக்க. நானே வெச்சிக்கினுதான் கீறேன்."

ஸ்ரீரங்கன் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் அன்புச்செல்வி காலை மடக்கிச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சிரித்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, இலைக்கு முன்னால் உட்காருவதுபோல் அவரும் சீட்டில் சப்பணம் போட்டுக்கொண்டார். மாமி வண்டியை நங்கநல்லூர் பக்கம் திருப்பினாள்.